முந்நூறு ரூபாயும் மூடிய அறையும்

2019 ஏப்ரல் 16 இரவு ஆண்டிபட்டியில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. நாடாளுமன்றத் தேர்தலுக்கும் ஆண்டிபட்டி சட்டமன்ற இடைத்தேர்தலுக்கும் ஒருநாள்தான் பாக்கி. அமமுகவின் தேர்தல் அலுவலகம் இயங்கிய கட்டடத்தில் பணம் இருப்பதாகத் தகவல் வர, பறக்கும் படையும் வருமான வரித் துறையும் உள்ளே போயின. கட்சிக்காரர்கள் தடுத்தார்கள், தள்ளுமுள்ளு ஆனது, போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டது. விடிவதற்குள் எண்ணி முடித்த தொகை 1 கோடியே 48 லட்சம். கட்சித் தரப்பு மறுத்தது. ஆனால் பணம் இருந்த விதத்தை யாராலும் மறக்க முடியவில்லை. மொத்தம் 94 கவர்கள். ஒவ்வொன்றின் மேலும் வார்டு எண், அந்த வார்டில் எத்தனை வாக்காளர், தலைக்கு 300 ரூபாய் என்ற கணக்கு. அத்தனையும் பட்டுவாடா ஆகியிருந்தால் ஏறத்தாழ 49,000 பேர் கைக்குப் போயிருக்கும்.

அந்த இடைத்தேர்தலில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே நின்றார்கள். திமுக சார்பில் மகாராஜன், அதிமுக சார்பில் லோகிராஜன். மகாராஜன் ஜெயித்தார். ஆண்டிபட்டி தேர்தல் என்றால் கேமராவுக்கும் பழைய தொடர்பு உண்டு. 1984-இல் எம்.ஜி.ஆர். நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்திருந்தபடியே இந்தத் தொகுதியில் வென்றார். அவர் உயிரோடு, பேச்சுக் கேட்டுத் தலையசைத்துக்கொண்டு இருக்கிறார் என்று காட்டிய படச்சுருள் தமிழ்நாடு முழுக்க ஊர் ஊராகத் திரையிடப்பட்டது. ஒரு தேர்தலில் படம் எவ்வளவு வேலை செய்யும் என்று இந்தத் தேனி மாவட்டத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

2019-இன் படங்களும் நாள் முழுக்கத் தொலைக்காட்சியில் ஓடின. அடுக்கிய நோட்டுக்கட்டு, கிழிந்த கவர், ஓடும் ஆட்கள். பண்ணைப்புரம், கோம்பை, தேவாரம் பக்கம் டீக்கடைகளில் அதைப் பார்த்தவர்கள் சொன்னது ஒன்றுதான்: ஜனங்களே கெட்டுப்போனார்கள், முந்நூறுக்கு ஓட்டை விற்கிறார்கள். எனக்கு உறுத்துவது இந்தத் தீர்ப்புதான். ஊழல் பற்றி நாம் பார்க்கும் படம் எல்லாம் கடைசிக் கண்ணியில் நிற்கிறவரைத்தான் காட்டுகிறது. வாங்குகிற ஏழையின் கை திரையில் வருகிறது. அந்த ஒன்றரைக் கோடியை யார் கொடுத்தார், எதற்குக் கொடுத்தார், ஜெயித்த பிறகு எந்த விதியை எப்படி மாற்றி அதைத் திரும்ப எடுப்பார் என்பது வருவதில்லை. அரசியல் தரகையும் லாபியையும் பற்றி உலகம் முழுக்க எடுக்கப்பட்ட ஆவணப்படங்களையும் ரகசியக் கேமராப் பதிவுகளையும் வரிசையாகப் பார்த்தால், இந்தக் குறை நம் ஊருக்கு மட்டும் உரியது இல்லை என்று தெரிகிறது. அதைத் தாண்டி வந்த சில படங்கள் எப்படித் தாண்டின என்பதும் தெரிகிறது.

இந்தியாவில் இந்தக் கதை குடியரசு தொடங்கிய கையோடு ஆரம்பித்துவிட்டது. 1951-இல் தற்காலிக நாடாளுமன்றத்தின் உறுப்பினராக இருந்த எச்.ஜி. முத்கல், பம்பாய் தங்கம் வெள்ளி வணிகர் சங்கத்திடம் பணம் பெற்றுக்கொண்டு அவர்களுக்காகச் சபையில் கேள்வி எழுப்பினார் என்று விசாரணைக் குழு கண்டது. வெளியேற்றும் தீர்மானம் வந்தபோது அவர் ராஜினாமா செய்தார். ஆறே ஆண்டுகளில் முந்த்ரா விவகாரம் வந்தது. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம், அதாவது பாலிசி போட்ட சாதாரண ஜனங்களின் பணம், ஒன்றேகால் கோடி ரூபாய் அளவுக்கு ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிப் பங்குகளில் கொட்டப்பட்டது. பெரோஸ் காந்தி அதை மக்களவையில் கிளப்ப, நீதிபதி சாக்ளா பொது விசாரணை நடத்த, நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். இரண்டிலும் கேமராவுக்கு வேலை இருக்கவில்லை. கோப்புகளும் கேள்விகளும் சாட்சியங்களும் போதுமானதாக இருந்தன. சாக்ளா விசாரணையைத் திறந்த கூடத்தில், மக்கள் கேட்க ஒலிபெருக்கி வைத்து நடத்தினார் என்பதை இன்று நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது.

ரகசியக் கேமராவின் காலம் 2001 மார்ச்சில் வந்தது. தெகல்கா செய்தியாளர்கள் அனிருத்த பஹலும் மேத்யூ சாமுவேலும் வெஸ்ட் எண்ட் என்று இல்லாத ஒரு கம்பெனியின் ஆட்களாக, ராணுவத்துக்கு வெப்பப் படக் கருவி விற்க வந்தவர்களாக, டெல்லியில் சுற்றினார்கள். பாஜக தலைவர் பங்காரு லட்சுமண் ஒரு லட்ச ரூபாய்க் கட்டை வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டதை நாடே பார்த்தது. 2012-இல் அவருக்கு நான்காண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2005-இல் அதே பஹல் இன்னும் கூர்மையாக ஒரு காரியம் செய்தார். வட இந்தியச் சிறு உற்பத்தியாளர் சங்கம் என்று ஒரு பொய்ச் சங்கத்தையே உருவாக்கி, அதற்காகக் கேள்வி கேட்க உறுப்பினர்களுக்குப் பணம் கொடுத்துப் படமெடுத்தார். 15,000 ரூபாய்க்குக்கூடக் கேள்வி விலைபோனது. அந்த டிசம்பரில் 11 உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டார்கள். முத்கலுக்குப் பின்னால் ஒரு நிஜச் சங்கம் இருந்தது. 54 ஆண்டுகள் கழித்துப் பிடிபட்டவர்களுக்குப் பின்னால் இருந்தது செய்தியாளர் கட்டிய பொய்ச் சங்கம். நிஜச் சங்கங்கள் எந்தக் கேள்விகளுக்குப் பின்னால் இருந்தன என்று அந்தப் படத்தால் சொல்ல முடியவில்லை. ரகசியக் கேமராவின் எல்லை அதுதான். வாங்கத் தயாராக இருப்பவரைக் காட்டும். உண்மையில் கொடுத்துக்கொண்டிருப்பவரைக் காட்டாது.

கொடுக்கிறவர் பக்கத்தின் குரலை இந்தியா முதன்முதலாகக் காதால் கேட்டது 2010 நவம்பரில். வருமான வரித் துறை 2008-லும் 2009-லும் ஒட்டுக்கேட்ட நீரா ராடியாவின் தொலைபேசிப் பேச்சுகளை ஓப்பன், அவுட்லுக் இதழ்கள் வெளியிட்டன. டாட்டா குழுமத்துக்கும் முகேஷ் அம்பானியின் ரிலையன்ஸுக்கும் மக்கள் தொடர்பு வேலை பார்த்தவர் அவர். 2009-இல் மத்திய அமைச்சரவை அமையும்போது திமுகவுக்கு எந்த இலாகா, யாருக்குக் கிடைக்கும் என்று தொழில்துறைத் தரகரும், மூத்த பத்திரிகையாளர்களும், கட்சி ஆட்களும் பேசிக்கொண்டதைத் தமிழர்கள் தங்கள் வீட்டு விஷயம் போலவே கேட்டார்கள். அந்த ஒலிப்பதிவுகளில் பெட்டி இல்லை, கவர் இல்லை, மிரட்டல் இல்லை. சகஜமான, அவசரமில்லாத, சிரிப்பும் விசாரிப்பும் கலந்த பேச்சு. யாரிடம் யாரைச் சொல்லச் சொல்லலாம் என்ற யோசனை. கேட்கக் கேட்க எனக்கு வயிறு கலங்கியது அந்தச் சகஜத்தால்தான்.

அந்தப் பேச்சுகளோடு சேர்ந்து பேசப்பட்ட 2ஜி அலைக்கற்றை வழக்கின் பாதை எல்லோருக்கும் தெரிந்ததே. தணிக்கை அதிகாரி 1.76 லட்சம் கோடி உத்தேச இழப்பு என்றார். உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரி 2-இல் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பர் 21-இல் சிறப்பு நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. மேல்முறையீட்டை டெல்லி உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் விசாரணைக்கு ஏற்றது. இதைவிட அதிகம் பேசப்பட வேண்டியது, பேசப்படாமல் போனது, 2022-இல் சிபிஐ உச்ச நீதிமன்றத்தில் சொன்ன ஒன்று: ராடியா ஒலிப்பதிவுகளை ஆராய்ந்ததில் குற்றம் ஏதும் தென்படவில்லை. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். மந்திரி யாராக வேண்டும் என்று கம்பெனிக்கு வேலை பார்ப்பவர் பேசுவதைத் தடுக்கும் சட்டமும் இல்லை, அதைப் பதிவு செய்யச் சொல்லும் சட்டமும் இல்லை. லாபி பற்றிப் படமெடுக்க நினைப்பவர் முட்டிக்கொள்ளும் முதல் சுவர் இதுதான். குற்றம் என்று பெயரிடப்படாத ஒன்றை எப்படிக் காட்டுவது?

அலெக்ஸ் கிப்னி 2010-இல் எடுத்த 'கேசினோ ஜாக் அண்ட் தி யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆஃப் மணி' இந்தக் கேள்விக்குக் கிடைத்த நல்ல விடைகளில் ஒன்று. ஜாக் அப்ரமோஃப் வாஷிங்டனின் பெரிய லாபிக்காரர். சூதாட்ட விடுதி நடத்தும் அமெரிக்கப் பூர்வகுடி மக்களிடம் அவரும் அவருடைய கூட்டாளி மைக்கேல் ஸ்கான்லனும் 8 கோடி டாலருக்கு மேல் கறந்தார்கள். 2006 ஜனவரியில் அப்ரமோஃப் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இதில் டெக்ஸாஸின் டிகுவா மக்களுக்கு நேர்ந்ததை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இன்னொரு பூர்வகுடி விடுதியின் வருமானம் குறையாமல் இருக்க, டிகுவாக்களின் விடுதியை மூடவைக்கும் பிரசாரத்துக்கு அப்ரமோஃப் கூட்டம் பின்னால் இருந்து வேலை செய்தது. விடுதி மூடப்பட்டது. அதன்பிறகு அதே ஆட்கள் டிகுவாக்களிடம் போய், உங்கள் விடுதியைத் திறக்க வைக்கிறோம், 42 லட்சம் டாலர் கொடுங்கள் என்றார்கள். தங்கள் கதவை அடைத்தவர் இவர்தான் என்று தெரியாமல் அந்த மக்கள் கொடுத்தார்கள்.

இதை கிப்னியால் எப்படிக் காட்ட முடிந்தது? அப்ரமோஃப் அப்போது சிறையில் இருந்தார். அவருடைய நேர்காணல் படத்தில் இல்லை. மின்னஞ்சல்கள் இருந்தன. அமெரிக்க செனட்டின் பூர்வகுடி விவகாரக் குழு அவற்றைப் பொதுவில் வெளியிட்டிருந்தது. தங்களுக்குக் கட்டணம் கொடுத்த அந்த மக்களையே இழிவாகப் பேசி இருவரும் எழுதிக்கொண்ட வரிகள் திரையில் படிக்கப்படுகின்றன. தண்டனை பெற்ற எம்.பி. பாப் நேயும், அவரிடம் தலைமை உதவியாளராக இருந்துவிட்டு அப்ரமோஃபிடம் வேலைக்குப் போன நீல் வோல்ஸும் கேமரா முன் உட்கார்ந்து பேசுகிறார்கள். சட்டம் எழுதும் அலுவலகத்தில் இருந்தவர் மறுநாள் அதே சட்டத்தை வளைக்கும் அலுவலகத்தில் சம்பளம் வாங்குகிறார் என்பது அந்த ஒரு மனிதரின் வேலை மாற்றத்திலேயே விளங்கிவிடுகிறது. படத்தின் பலம் ஒளிப்பதிவில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. காகிதம் கிடைத்ததற்குக் காரணம், அதை வெளியே கொண்டுவரும் அதிகாரம் ஒரு நாடாளுமன்றக் குழுவுக்கு இருந்தது.

அமெரிக்காவில் லாபிக்காரர்கள் யாருக்காக, எதைப் பற்றி, எவ்வளவு செலவில் வேலை செய்தார்கள் என்று பதிவுசெய்ய வேண்டும் என்பது 1995-ஆம் ஆண்டுச் சட்டம். அதனால் ஊழல் ஒழிந்துவிடவில்லை. ஆண்டுக்கு 400 கோடி டாலருக்கு மேல் அங்கே லாபிக்குச் செலவாகிறது என்பதே அந்தப் பதிவுகளிலிருந்துதான் தெரிகிறது. ஆனால் அந்தப் பதிவால் நமக்கே ஒரு உண்மை கிடைத்தது. 2012 டிசம்பரில், சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டுக்கு நம் நாடாளுமன்றம் அனுமதி அளித்த அதே நாட்களில், வால்மார்ட் கம்பெனி அமெரிக்க செனட்டில் தாக்கல் செய்திருந்த அறிக்கைகள் செய்தியாயின. 2008 முதல் பல விஷயங்களுக்காகச் செலவிட்ட சுமார் 2.5 கோடி டாலர் கணக்கில், இந்தியச் சந்தையில் நுழைவதும் ஒரு தலைப்பு. செலவு அமெரிக்காவில் நடந்தது என்றது கம்பெனி. நாடாளுமன்றம் அமளியானது, ஓய்வுபெற்ற நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் விசாரணை வைத்தார்கள், உறுதியான முடிவு எதுவும் வரவில்லை. கம்பம் பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவரின் பிழைப்பைத் தொடும் ஒரு முடிவைப் பற்றி, எந்தக் கம்பெனி எவ்வளவு காலமாகப் பேசிக்கொண்டிருந்தது என்ற தகவல் அவருக்கு வாஷிங்டன் வழியாகத்தான் வந்து சேர்ந்தது. மறு ஆண்டு ஒடிசாவின் காளிகேஷ் நாராயண் சிங் தேவ், லாபி நடவடிக்கைகளை வெளிப்படையாக்கும் தனிநபர் மசோதாவை மக்களவையில் கொண்டுவந்தார். தனிநபர் மசோதாக்களுக்கு வழக்கமாக நேர்வதே அதற்கும் நேர்ந்தது.

ஐரோப்பாவில் 2012-இல் வந்த 'தி பிரஸ்ஸல்ஸ் பிசினஸ்' வேறொரு வழியில் போனது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடத்தில் பெருந்தொழில் அதிபர்களின் வட்டமேஜை எப்படிக் கொள்கைகளை வடிவமைத்தது என்று பார்க்கும் படம் அது. அதில் யாரும் பிடிபடுவதில்லை, யாரும் சிறைக்குப் போவதில்லை. பார்வையாளருக்குக் கொஞ்சம் அலுப்பாகவே இருக்கும். ஆனால் லாபியின் நிஜ முகம் அந்த அலுப்பான கூட்டங்களும் ஆவணங்களும்தான் என்பதால் அதை நான் மதிக்கிறேன். ருமேனியாவின் அலெக்சாண்டர் நானாவ் எடுத்த 'கலெக்டிவ்' இதற்கு நேர் எதிர். 2015-இல் புகாரெஸ்ட் இசைக்கூடத்தில் பற்றிய தீயில் காயம்பட்டவர்கள் பலர் காயத்தால் சாகவில்லை, மருத்துவமனைத் தொற்றால் செத்தார்கள். கிருமிநாசினியில் தண்ணீர் கலந்திருந்தது. ஒரு விளையாட்டு நாளிதழின் செய்தியாளர்கள் அதை வெளியே கொண்டுவருகிறார்கள். படத்தின் பின்பாதியில் புதிதாக வந்த சுகாதார அமைச்சர் தன் அறைக்குள் கேமராவை அனுமதிக்கிறார். சீர்திருத்த நினைக்கும் ஒரு மந்திரிக்குக்கூட எந்தக் கோப்பு எங்கே எவரால் நிறுத்தப்படுகிறது என்பது புரியாமல் திணறுவதைப் பார்க்கிறோம். மந்திரியின் அறைக்குள் இருந்து எடுத்த ஒரு படம் நம்மிடம் இருந்தால் என்னென்ன தெரிந்திருக்கும் என்ற எண்ணம் அதைப் பார்த்த பிறகு விலகவே இல்லை.

நமக்கு அப்படி ஒரு அறையின் வாசல் ஒரே ஒரு முறை காகிதம் வழியாகத் திறந்தது. கொடுப்பவர் பெயரை மறைத்துக் கட்சிகளுக்கு நன்கொடை தரவைத்த தேர்தல் பத்திரம். 2017 நிதி மசோதாவில் அது நுழைக்கப்பட்டது. கம்பெனிகள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் ஏழரை சதவீதத்துக்கு மேல் நன்கொடை தரக்கூடாது என்ற உச்சவரம்பும் அப்போதே தூக்கப்பட்டது. பட்ஜெட்டுக்கு இரண்டு நாள் முன்பு, 2017 ஜனவரி 30-இல், ரிசர்வ் வங்கி இந்தத் திட்டத்துக்கு எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்தது. நிதியமைச்சகத்தின் வருவாய்த் துறைச் செயலர் மட்டத்தில் அதற்குக் கிடைத்த பதிலின் சாரம்: ஆலோசனை தாமதமாக வந்தது, மசோதா அச்சாகிவிட்டது. இந்தக் கடிதங்கள் ஓய்வுபெற்ற கமோடர் லோகேஷ் பத்ரா தகவல் உரிமைச் சட்டத்தில் போட்ட மனுக்களால் கிடைத்து, 2019 நவம்பரில் நிதின் சேத்தியின் தொடர் கட்டுரைகளாக வெளிவந்தன. ஒரு நாட்டின் அரசியல் பணம் முழுவதையும் இருட்டுக்குள் கொண்டுபோகும் முடிவு இரண்டு நாளில், இரண்டு தாளில் நடந்திருக்கிறது. இதைவிட நல்ல ஆவணப்படக் காட்சி எனக்குத் தெரியாது. ஒரு மேஜை, இரண்டு கடிதம், மேலே தேதி.

2024 பிப்ரவரி 15-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வு அந்தத் திட்டத்தை ரத்து செய்தது. அதுவரை 16,500 கோடி ரூபாய்க்கு மேல் பத்திரங்கள் விற்றிருந்தன. பட்டியல் வந்தபோது, மிகப் பெரிய கொடையாளி கோவையைச் சேர்ந்த லாட்டரி அதிபர் மார்ட்டினின் ஃப்யூச்சர் கேமிங் என்று தெரிந்தது: 1,368 கோடி. அதில் 509 கோடி திமுகவுக்கு வந்தது என்று அந்தக் கட்சியே தேர்தல் ஆணையத்திடம் சொல்லியிருந்தது. திரிணமூல் காங்கிரஸுக்கு அதைவிட அதிகம் போயிருந்தது. மொத்தப் பத்திரப் பணத்தில் ஏறத்தாழப் பாதி பாஜகவுக்கு. தமிழ்நாட்டில் லாட்டரி 2003-லேயே தடை செய்யப்பட்டது. நம் பக்கத்து ஆட்கள் சீட்டு வாங்கக் குமுளி ஏறிப் போவது அதனால்தான். தடை உள்ள மாநிலத்தின் ஆளுங்கட்சிக்கு லாட்டரிக் கம்பெனி ஏன் 509 கோடி கொடுத்தது? இது லஞ்சம் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் விடை தெரிந்துகொள்ளும் உரிமை 300 ரூபாய் வாங்கினார் என்று ஏசப்படுகிற ஆண்டிபட்டிக்காரருக்கு இருக்கிறது. இடதுசாரிகள் பத்திரம் வாங்க மறுத்தார்கள், அது மதிக்கத்தக்கது. அதே மார்ட்டினிடம் 2007-இல் கேரள மார்க்சிஸ்ட் கட்சியின் தேசாபிமானி நாளிதழ் 2 கோடி பெற்று, கட்சிக்குள்ளேயே கண்டனம் எழுந்தபின் திருப்பிக் கொடுத்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

தமிழ் ஆவணப்படங்களின் பக்கம் வருகிறேன். மதுரையில் மறுபக்கம் அமைப்பைத் தொடங்கிய ஆர்.பி. அமுதனின் 'பீ', மாஞ்சோலைத் தொழிலாளர் பேரணியில் 17 பேர் தாமிரபரணியில் செத்ததைப் பதிவுசெய்த ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்', திவ்யா பாரதியின் 'கக்கூஸ்' ஆகியவை எனக்கு மிக நெருக்கமானவை. அவை அநியாயம் வந்து விழும் உடலைக் காட்டின. கையில் அள்ளுபவரை, ஆற்றில் மிதந்தவரை, குழிக்குள் இறங்கியவரை. நம் ஆவணப்பட மரபின் பெருமை அது. அங்கேயே அதன் இடைவெளியும் இருக்கிறது. துப்புரவுக்கு இயந்திரம் வாங்கும் ஒப்பந்தம் யாருக்குப் போனது, கூலி உயர்வைத் தடுக்க முதலாளிகள் சங்கம் யாரைப் பார்த்தது என்று மேலே ஏறிப்போகும் படம் தமிழில் அரிது. அதற்குப் படைப்பாளிகளைக் குறைசொல்ல மாட்டேன். 2017-இல் 'கக்கூஸ்' திரையிடலையே பல ஊர்களில் போலீஸ் தடுத்தது. அந்த ஜூலையில் திவ்யா பாரதி ஒரு பழைய வழக்கைக் காட்டிக் கைது செய்யப்பட்டார். உடலைக் காட்டியதற்கே இவ்வளவு என்றால், கணக்குப் புத்தகத்தைக் காட்டினால் என்ன ஆகும் என்ற அச்சம் நியாயமானது.

தடை எப்போதும் போலீஸ் வடிவத்தில் வருவதில்லை. அமெரிக்காவில் 'சிட்டிசன் கோக்' என்ற படம், அரசியலில் கோக் சகோதரர்களின் பணம் பற்றியது, பொதுத் தொலைக்காட்சி வழி வரவிருந்த நிதியை இழந்தது. டேவிட் கோக் நியூயார்க் பொதுத் தொலைக்காட்சியின் அறங்காவலராகவும் கொடையாளராகவும் இருந்ததே காரணம் என்று இயக்குநர்கள் குற்றம் சாட்டினார்கள். மக்களிடம் சிறுகச் சிறுக வசூலித்துப் படத்தை வெளியிட்டார்கள். நம் ஊரில் ஆம் ஆத்மி கட்சி உருவான ஆண்டைப் பின்தொடர்ந்த 'ஆன் இன்சிக்னிஃபிகன்ட் மேன்' படத்துக்கு, மோடியிடமும் கேஜ்ரிவாலிடமும் ஆட்சேபமில்லைச் சான்று வாங்கி வரச் சொன்னது தணிக்கை வாரியம். யாரைப் பற்றிப் படமோ அவரிடமே அனுமதி கேட்கச் சொன்ன அந்த நிபந்தனை மேல்முறையீட்டில் விழுந்து, 2017 நவம்பரில் படம் அரங்குக்கு வந்தது.

இனிக் கம்பம் பள்ளத்தாக்குக்கு. இங்கே படமெடுக்க விஷயம் தேடி அலைய வேண்டியதில்லை. விடியுமுன் பண்ணைப்புரம், தேவாரம், கோம்பை, கம்பத்துத் தெருக்களிலிருந்து ஜீப்புகள் பெண்களை அடைத்துக்கொண்டு போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஏறுகின்றன. காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் இறங்குகின்றன. அந்த மலையின் தலைவிதி பத்தாண்டுக்கு மேலாக ஒரு வரைவு அறிவிக்கையில் தொங்குகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைக் காப்பது பற்றி மாதவ் காட்கில் குழு 2011-இல் அறிக்கை கொடுத்தது. அதைத் தணித்துக் கஸ்தூரிரங்கன் குழு 2013-இல் கொடுத்தது. கேரளத்தில் 13,108 சதுர கிலோமீட்டர் சூழல் உணர்திறன் பகுதி என்று அது பரிந்துரைத்தது 2014 மார்ச் வரைவில் 9,993.7 ஆகக் குறைந்தது. இடையில் நடந்தது லாபி. அதன் ஒரு பகுதி வெட்டவெளிச்சமானது: கடையடைப்பு, ஊர்வலம், தேவாலய அறிக்கைகள், ஹைரேஞ்ச் சம்ரக்ஷண சமிதி நிறுத்திய ஜாய்ஸ் ஜார்ஜ் 2014-இல் இடுக்கியில் வென்றது. அந்தப் போராட்டத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் சிறு விவசாயியின் பயம் நிஜமானது, அவர் தெருவில் நின்று, முகத்தைக் காட்டி, தன் பெயரில் சொன்னார். கல்குவாரி உரிமையாளர்களின் கணக்கு அந்தப் பயத்தின் நிழலில் எவ்வளவு தூரம் போனது என்பதுதான் படமாக வேண்டிய பகுதி. வயநாடு நிலச்சரிவில் முண்டக்கையும் சூரல்மலையும் புதைந்தது 2024 ஜூலை 30. ஆறாவது வரைவு வந்தது அதற்கு மறுநாள்.

எல்லா முடிவும் இருட்டில்தான் நடக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். பொட்டிப்புரத்தில் அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் கட்ட 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடிக்கு ஒப்புதல் கொடுத்தது. ஊர் எதிர்த்தது, வைகோ வழக்குப் போட்டார், பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் அனுமதியை நிறுத்திவைத்தது, 2018 மார்ச்சில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சிறப்பு நேர்வாகக் கருதி மீண்டும் அனுமதித்தது. இதில் ஊழல் என்று யாரும் சொல்லவில்லை. நான் கவனிப்பது வேறு. அந்த அனுமதியைப் பரிசீலித்த நிபுணர் குழுவின் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள் வெளியிடப்பட்டாக வேண்டும் என்ற விதி இருந்ததால், எந்தக் கூட்டத்தில் எந்தக் காரணம் சொல்லப்பட்டது என்று தேவாரத்தில் உட்கார்ந்தபடி ஒருவரால் படிக்க முடிந்தது. எதிர்ப்புக்குக் கையில் பிடிக்க ஏதோ இருந்தது. காகிதம் வெளியே வந்தால் ஊர்க்காரரும் வாதாட முடியும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே இருக்கும் அத்தாட்சி இது.

அதிகாரத்தைத் தன் பக்கம் இழுக்க முயல்வது அரசியலின் இயல்பு. பண்ணைப்புரத்துக்கு அது நன்றாகவே தெரியும். பாவலர் வரதராசன் தம்பிமார்களைச் சேர்த்துக்கொண்டு ஆர்மோனியத்தோடு பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடியது அதற்காகத்தான். 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலில், இ.எம்.எஸ். அரசுக்கு வாழ்வா சாவா என்றிருந்த நேரத்தில், ரோசம்மா புன்னூஸுக்காகத் தேயிலைத் தோட்டத் தமிழர்களிடம் அவர் பாடிய பாட்டுகளைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். ரோசம்மா ஜெயித்தார். யார் பாடுகிறார், எந்தக் கட்சிக்கு, எதற்கு என்பது கூட்டத்தில் நின்ற கடைசி ஆளுக்கும் தெரிந்திருந்தது. பிடிக்காதவர் எழுந்து போகலாம், எதிர்ப்பாட்டுப் பாடலாம். ராடியா ஒலிப்பதிவில் வரும் பேச்சுக்கு எதிர்ப்பாட்டுப் பாட யாருக்கும் வழி இல்லை. அது நடந்ததே தெரியாது. லாபியை ஜனநாயகத்தின் ஒரு பகுதியாக ஏற்பதா, ஊழலாக ஒதுக்குவதா என்ற நெடுநாள் வாதத்துக்கு என் பதில் இந்த வேறுபாட்டில் இருக்கிறது. வணிகர் சங்கமும் தோட்ட அதிபர் சங்கமும் ஏலக்காய் வியாபாரிகளும் மந்திரியைப் பார்க்கட்டும். விவசாயச் சங்கமும் ஜீப்பில் போகும் பெண்களும் பார்க்கட்டும். யார், எப்போது, எதற்காகப் பார்த்தார் என்பது அன்றே ஊருக்குத் தெரிய வேண்டும்.

ஐரோப்பிய ஆணையத்தில் 2014 முதல் ஆணையர்கள் எந்த நிறுவனத்தாரைச் சந்தித்தார்கள் என்பதை இணையத்தில் வெளியிடுகிறார்கள். பிரிட்டன் அமைச்சர்களின் சந்திப்புகளும் பட்டியலாக வருகின்றன. அவற்றில் ஓட்டைகள் உண்டு, ஆனாலும் செய்தியாளருக்கும் படமெடுப்பவருக்கும் பிடித்து ஏற ஒரு கயிறு இருக்கிறது. டெல்லி செய்யும் வரை தமிழ்நாடு காத்திருக்கத் தேவையில்லை. தகவல் அறியும் உரிமைக்கு நாட்டிலேயே முதலில் சட்டம் போட்ட மாநிலம் இது, 1997-இல், மத்தியச் சட்டத்துக்கு எட்டாண்டு முன்பு. விதிவிலக்குகள் நிறைந்த, பலவீனமான சட்டம்தான். ஆனாலும் முதல் அடி இங்கேதான் வைக்கப்பட்டது. அமைச்சர்களையும் துறைச் செயலர்களையும் சந்திக்க வரும் கம்பெனி, சங்கம், தரகர் பெயரும், பேசிய பொருளும், தேதியும் வாரம் ஒருமுறை வெளியிடப்பட வேண்டும் என்பதற்குப் புதிய சட்டம்கூட வேண்டாம், ஓர் அரசாணை போதும். ஓட்டுக் கேட்டு இந்தப் பள்ளத்தாக்குக்கு வரும் எல்லாக் கட்சிக்காரர்களிடமும் அந்த அரசாணையைப் போடுவீர்களா என்று கேமராவை வைத்துக்கொண்டே கேட்க வேண்டும்.